மெத்தடோன் டிஸ்பென்சர் ப்ராஜெக்ட் எடுக்கும் மாணவர்களுக்கு: மோட்டார் வாங்கும் முன் படிக்க வேண்டியது

அமெரிக்காவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும் நம்ம பசங்க பலர், கேப்ஸ்டோன் (கடைசி வருஷ ப்ராஜெக்ட்) பட்டியலில் 'ஓபியாய்டு (ஹெராயின் மாதிரி போதை) சிகிச்சைக்கு மருந்து வழங்கும் பெட்டி' என்று பார்த்ததும், ஒரு மோட்டார், ஒரு பூட்டு, ஒரு ஆப், மூணு மாசத்தில் முடித்துவிடலாம் என்று எடுத்துவிடுகிறார்கள். தாராளமாக எடுங்கள், நல்ல தலைப்பு. ஆனால் முதல் வாரமே சாலிட்வொர்க்ஸ் டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்து உட்கார்ந்தால், கடைசியில் கையில் இருப்பது நோயாளியைக் கண்காணிக்கும் ஒரு விலை உயர்ந்த பெட்டியாகத்தான் இருக்கும். இந்தப் பெட்டி வந்ததால் ஒருவருக்கு வீட்டிலேயே மருந்து எடுக்க எத்தனை நாள் கூடுதலாகக் கிடைத்தது என்பதுதான் உங்கள் டிசைனின் மதிப்பெண். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் இந்தக் கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: வரிசையில் நிற்பவரின் காலையைப் புரிந்துகொள்வது

ஹெராயின், ஃபென்டனில் பழக்கத்திலிருந்து மீள மெத்தடோன் (இதுவும் ஒரு ஓபியாய்டு மருந்துதான்) கொடுப்பது புது விஷயமே இல்லை. நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் இருவரும் 1960-களின் நடுவிலேயே ஹெராயின் பழக்கத்துக்கு இதைச் செய்து காட்டிவிட்டார்கள். உடம்பில் நீண்ட நேரம் நிற்கும் மருந்து என்பதால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு டோஸ் போதும். சிக்கல், அந்த ஒரு டோஸ் கைக்கு வரும் வழியில் இருக்கிறது. இதே மெத்தடோனை வலிக்கு என்று டாக்டர் எழுதினால் பக்கத்து மருந்துக்கடையில் வாங்கலாம். ஓபியாய்டு சிகிச்சைக்கு என்றால் அனுமதி பெற்ற மையத்தில் மட்டும்தான் கொடுப்பார்கள்.

அந்த மையங்களில் பல விடிகாலை 5, 6 மணிக்கே திறந்துவிடும், ஏனென்றால் வேலைக்குப் போகிறவர்கள் அதற்கு முன் வந்து வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் நர்ஸ், கம்ப்யூட்டரோடு இணைந்த பம்பு, சின்ன பிளாஸ்டிக் கப்பில் செர்ரி நிற திரவம். வாங்கியவர் நர்ஸ் கண் முன்னால் குடித்துவிட்டு, மேலே கொஞ்சம் தண்ணீரும் குடித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர வேண்டும், விழுங்கிவிட்டார் என்று தெரிவதற்காக. மையம் 80 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் இதேதான். பழைய கூட்டாட்சி விதிப்படி முதல் 90 நாள், மையம் மூடும் நாட்கள் தவிர, வாரத்துக்கு ஒரு டோஸ்தான் வீட்டுக்கு. ஒரு மாத மருந்து மொத்தமாகக் கைக்கு வர அப்போது இரண்டு வருஷம் ஆனது.

கோவிட் இதை மாற்றியது. மார்ச் 2020-ல் நிலையாக இருப்பவர்களுக்கு 28 நாள் வரை, மற்றவர்களுக்கு 14 நாள் வரை வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று விலக்கு வந்தது. எல்லோரும் பயந்தது நடக்கவில்லை: அளவு மீறிய மரணங்களில் மெத்தடோன் சம்பந்தப்பட்டவற்றின் பங்கு 2019-ல் 4.5 சதவீதமாக இருந்தது, 2021-ல் 3.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புது விதி இதை நிரந்தரமாக்கிவிட்டது. சிகிச்சையின் முதல் 14 நாளில் 7 நாள் மருந்து வரை, 15-ஆம் நாளிலிருந்து 14 நாள் வரை, 31-ஆம் நாளிலிருந்து 28 நாள் வரை வீட்டுக்குத் தரலாம், மருத்துவர் பாதுகாப்பு என்று கருதினால்.

இதை எதற்கு இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், 2020-க்கு முந்தைய கட்டுரைகளை மட்டும் படித்துவிட்டு "வீட்டுக்கு மருந்தே தருவதில்லை, ஆகவே எங்கள் மெஷின்" என்று அறிக்கை எழுதினால் உங்கள் முதல் பக்கமே தப்பு. விதி தளர்ந்துவிட்டது. மாநில விதிகளும் மையங்களின் தயக்கமும்தான் இன்னும் பல இடங்களில் தளரவில்லை. உங்கள் கருவிக்கு இடம் இருந்தால் அது அந்தத் தயக்கத்தில்தான்: "இவருக்கு 14 நாள் கொடுக்கலாமா" என்று யோசிக்கும் மருத்துவருக்கு, சரி கொடுக்கலாம் என்று சொல்லத் துணிவு தருவது. ஏற்கெனவே சாதாரணப் பூட்டுப்பெட்டியில் 28 நாள் வாங்கிப் போகிறவர் கையில் உங்கள் மெஷினைத் திணித்தால் அவரைப் பின்னால் தள்ளுகிறீர்கள். சட்டம் எந்த மெஷினையும் கேட்கவில்லை.

எந்த மருந்து? முதலிலேயே முடிவு பண்ணுங்கள்

மெத்தடோன், பியூப்ரனார்ஃபின் இரண்டுக்கும் ஒரே கருவி என்று ஆசைப்படாதீர்கள். பியூப்ரனார்ஃபின் இதே சிகிச்சைக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்து, நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை அல்லது மெல்லிய தாள். 2022 கடைசியில் தனி அனுமதி விதி நீக்கப்பட்ட பிறகு சாதாரண டாக்டரே எழுதலாம், மருந்துக்கடையில் வாங்கலாம். மாத்திரைக்கு ஈரம் ஆகாது, தாளை உறையோடு வைக்க வேண்டும். மெத்தடோன் பெரும்பாலும் திரவம். அணுகல் பிரச்சினை அதிகம் இருப்பது மெத்தடோனில், இன்ஜினியரிங் தலைவலி அதிகம் இருப்பதும் அதில்தான்.

மாத்திரைப் பக்கம் போகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டேசி சிக்மன் குழு செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு. சிகிச்சைக்கு இடம் கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்த 50 பேர். பாதிப் பேருக்கு, கம்ப்யூட்டர் பூட்டுள்ள ஒரு சக்கரப் பெட்டியில் இரண்டு வார பியூப்ரனார்ஃபின் போட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் குறிப்பிட்ட 3 மணி நேரம் மட்டும் அன்றைய அறை திறக்கும், தவறினால் அந்த டோஸ் உள்ளேயே போய்விடும். கூடவே தினமும் தானியங்கி தொலைபேசி அழைப்பு, அவ்வப்போது திடீரென்று கூப்பிட்டு மாத்திரை எண்ணிக்கை. 12-ஆம் வாரம் அந்தக் குழுவில் 68 சதவீதம் பேர் வேறு ஓபியாய்டு எடுக்கவில்லை. வெறுமனே காத்திருந்த குழுவில் ஒருவர்கூட இல்லை. அந்தப் பெட்டியில் இயந்திரப் புதுமை எதுவும் கிடையாது. சிகிச்சை இல்லாமல் கிடந்தவருக்குச் சிகிச்சை கிடைத்தது, வித்தியாசம் அதில்தான் வந்தது. உங்கள் டீம் மீட்டிங்கில் புது சென்சார் ஒன்றைச் சேர்க்கலாமா என்று வாக்குவாதம் வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மெத்தடோன் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அளக்காதீர்கள், அடுக்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஐடியா: பெரிய தொட்டியில் மருந்து, அதிலிருந்து தினமும் பம்பு அளந்து ஊற்றும். வேண்டாம். மெத்தடோன் கரைசலின் வழக்கமான செறிவு ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். குழாயில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலோ வால்வு ஒரு விநாடி தாமதமாக மூடினாலோ 1 மி.லி. தப்பும், அது 10 மில்லிகிராம். பழகிய உடம்புக்கு அது சின்ன வித்தியாசமாக இருக்கலாம், வீட்டில் உள்ள சின்னக் குழந்தைக்கு அந்த 1 மி.லி.யே உயிருக்கு ஆபத்து. மையத்தில் நர்ஸ் தினமும் பம்பைச் சரிபார்க்கிறார், வீட்டில் யார் பார்ப்பது?

ஆகவே அளவை மையத்திலேயே விட்டுவிடுங்கள். நாளுக்கு ஒரு பாட்டில், மையமே நிரப்பி, பெயர் முகவரி லேபிள் ஒட்டி, குழந்தை திறக்க முடியாத மூடி போட்டுத் தருகிறது. உங்கள் கருவி அந்த மூடிய பாட்டிலைச் சரியான நாளில் வெளியே விடும், அவ்வளவுதான். மூடியைக் கழற்றி உங்கள் கப்பில் மாற்றச் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் அந்த மூடிக்கு என்று தனிச் சோதனை இருக்கிறது: 42 முதல் 51 மாதக் குழந்தைகளை இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து 5 நிமிடம் விடுவார்கள், பிறகு திறந்து காட்டிவிட்டு, பல்லாலும் கடித்துப் பார்க்கலாம் என்று சொல்லி இன்னும் 5 நிமிடம். முதல் 5 நிமிடத்தில் 85 சதவீதமாவது, மொத்தத்தில் 80 சதவீதமாவது திறக்க முடியாமல் போனால்தான் பாஸ். 50 முதல் 70 வயதுப் பெரியவர்களில் 90 சதவீதம் பேர் திறக்கவும் வேண்டும். ஒரு மாணவர் டீமால் இந்தச் சோதனையை நடத்த முடியாது. பாஸ் ஆன மூடியை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஒரு அடுக்கு சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்தது எத்தனை பாட்டில். 28 என்று எழுதுவதற்கு முன் ஒரு கணக்கு. பாட்டிலின் விட்டம் 4 செ.மீ., நடுவில் சுவர் அரை செ.மீ. என்றால், 28 பாட்டிலை ஒரே வட்டத்தில் நிற்கவைக்க சுற்றளவு 126 செ.மீ. வேண்டும், அதாவது 40 செ.மீ. விட்டம், வெளிக்கூடு அதற்கும் மேல். அதைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறுகிறவரை நினைத்துப் பாருங்கள். 7 பாட்டில் என்றால் வெளி விட்டம் 15 செ.மீ. அளவில் முடிந்துவிடும். 7-ஐ இரண்டு அடுக்காக வைத்து 14 நாள், இது ஒரு தோள்பையில் போகும். விதியும் 7, 14 என்றே நடக்கிறது, அதோடு ஒட்டிப் போங்கள்.

சுழல்தட்டும் கதவும்

வேலை செய்யும் அமைப்பு இது: பாட்டில்கள் நிற்கும் சுழல்தட்டு, அதற்கு வெளியே ஒரே ஒரு வாய், வாயை மூடும் தனிக் கதவு. கதவையும் தட்டையும் ஒரே மோட்டாரில் கோர்த்துக் காசு மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். காரணம், மின்சாரம் போய் வரும்போது தட்டு எங்கே நிற்கிறது என்று கருவிக்குத் தெரியாமல் போகலாம். ஆரம்ப இடத்தைத் தேட அது ஒரு சுற்று சுற்றும். அப்போது வாய் திறந்திருந்தால் ஏழு நாள் மருந்தும் வரிசையாக வாசலுக்கு வந்து போகும்! அதனால் கதவு திறந்திருக்கும்போது தட்டு அசைய முடியாதபடி இயந்திர ரீதியாகவே ஒரு கொக்கி வையுங்கள், சாஃப்ட்வேரை மட்டும் நம்பாதீர்கள். முடிந்தால் நிலையை நேரடியாகச் சொல்லும் என்கோடர் போடுங்கள், தேடவே வேண்டாம்.

தட்டைத் திருப்ப வார்ம் கியர் (திருகு வடிவப் பல்சக்கரம்) உள்ள மோட்டார் நல்லது, கையால் பிடித்துத் திருப்பினால் நகராது. பூட்டுக்கு மலிவான சாலினாய்டு (மின்காந்தம் இழுக்கும் ஊசி) வாங்குவதற்கு முன், அதே மாதிரி பூட்டுள்ள சின்ன ஹோட்டல் லாக்கரை மேலே கையால் ஓங்கித் தட்டினால் திறந்துகொள்ளும் வீடியோக்களைப் பாருங்கள். ஸ்பிரிங்கால் மட்டும் நிற்கும் ஊசி, அடி பட்டதும் துள்ளும். மோட்டார் தள்ளும் தாழ்ப்பாள் துள்ளாது.

வெளிக்கூட்டுக்கு பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் த்ரீ-டி பிரிண்ட் எடுத்தால் மாதிரி காட்டத்தான் ஆகும், 60 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். அரிசோனா வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கதை முடிந்தது. பூட்டைச் சுற்றியாவது தகடு போடுங்கள், திருகுகள் உள் பக்கம் இருக்கட்டும். சுத்தியலால் அடித்தால் எந்தப் பெட்டியும் உடையும். உடைத்தால் உடைத்தது தெரிய வேண்டும், அவசரத்தில் ஸ்க்ரூடிரைவரால் திறக்க முடியக் கூடாது, அது போதும்.

இன்னொன்று, நலோக்ஸோன் மூக்கு ஸ்பிரேக்கு ஒரு இடம் ஒதுக்குங்கள், பூட்டுக்கு வெளியே, யாரும் எடுக்கும்படி. அளவு மீறியவரின் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து அது, 2023-லிருந்து அமெரிக்காவில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது.

நேரமும் மின்சாரமும்

இந்தக் கருவியின் உயிர் கடிகாரத்தில் இருக்கிறது. போனிலிருந்து நேரத்தை எடுத்தால், போனில் தேதியை மாற்றியவுடன் நாளைய டோஸ் இன்றே கிடைக்கும். டிஎஸ்3231 மாதிரி தனிக் கடிகாரச் சில்லு போடுங்கள், வருஷத்துக்கு ஒரு நிமிடம்தான் முன்பின்னாகும், நாணய பேட்டரியில் வருஷக்கணக்கில் ஓடும். உள்ளே எப்போதும் யுடிசி (உலகப் பொது) நேரத்திலேயே வையுங்கள், ஏனென்றால் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரம் ஒரு மணி நேரம் நகரும், அந்த இரண்டு நாளும் உங்கள் கோடில் பிழை வெளிவரும் நாட்கள். திறக்கும் நேரத்தை ஆளுக்கு ஏற்ப மையம் வைக்கும்படி செய்யுங்கள். இரவுப் பணி பார்க்கும் ட்ரக் டிரைவருக்குக் காலை 7 மணி எதற்கும் உதவாது.

பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும்? பூட்டியே இருக்க வேண்டும் என்று எல்லோரும் உடனே சொல்வார்கள். சரிதான், ஆனால் பாதிதான் சரி. கடைசி டோஸுக்குப் பிறகு 24 முதல் 36 மணி நேரத்தில் விலகல் அறிகுறிகள் ஆரம்பிக்கும்: வியர்வை, வாந்தி, எலும்புக்குள் வலி, தூக்கமே இல்லை. அந்த நிலையில் உங்கள் பெட்டி திறக்காவிட்டால் அவர் தெருவில் ஃபென்டனில் தேடிப் போவார், அதில் உயிரே போகலாம். பெட்டி திறக்காமல் போவதும் தவறாகத் திறப்பதும் ஒரே அளவு ஆபத்து என்று எழுதி சுவரில் ஒட்டுங்கள். வெளியிலிருந்து சாதாரண யுஎஸ்பி-சி வயரில் மின்சாரம் கொடுத்தால் கருவி எழுந்து அன்றைய டோஸைத் தர வேண்டும். மையத்துக்கு போன் செய்தால் அவர்கள் ஒரு முறை மட்டும் செல்லும் எண் ஒன்று தரும் வழி இருக்க வேண்டும், இன்டர்நெட் இல்லாமலே அது வேலை செய்ய வேண்டும்.

மோட்டாரை இயக்குவதற்கு முன்பே "இன்றைய டோஸ் தரப்படுகிறது" என்று அழியாத நினைவகத்தில் எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால், பாட்டில் வெளியே வந்த அடுத்த நொடி பேட்டரியைக் கழற்றி மாட்டினால் இன்னொன்று வரும். முன்பே எழுதினால் வேறு சிக்கல்: பாட்டில் மாட்டிக்கொண்டு வெளியே வராமல் போனாலும் தரப்பட்டதாகக் கணக்காகும். அதனால் வாயில் ஒரு அகச்சிவப்புக் கதிர் சென்சார் வைத்து, பாட்டில் கடந்ததா என்று தனியாகப் பதியுங்கள். எடை சென்சார் போட வேண்டாம், வெப்பநிலை மாறினாலே அளவு நகர்ந்துகொண்டே இருக்கும்.

யார் பார்க்கலாம், என்ன பார்க்கலாம்

வீடு இல்லாமல் காப்பகத்தில் தூங்குகிறவர், போன் இல்லாதவர், சார்ஜ் போட இடம் இல்லாதவர், இவர்கள்தான் தினமும் வரிசையில் நிற்க மிகவும் கஷ்டப்படுகிறவர்கள். ஸ்மார்ட்போன் ஆப் இல்லாமல் இயங்காத கருவி இவர்களை முதலிலேயே வெளியே தள்ளிவிடுகிறது. கைரேகை சென்சாரும் அப்படித்தான், சிமென்ட் வேலை பார்ப்பவர் விரலில் ரேகை தேய்ந்திருக்கும். பெரிய பட்டன்கள், ரகசிய எண், தவறான எண்ணை எத்தனை முறை போடலாம் என்று ஒரு வரம்பு (ஆனால் மீறினால் சாயங்காலம் வரை பூட்டிவிடக் கூடாது), இவை போதும்.

அமெரிக்காவில் போதை சிகிச்சைப் பதிவுகளுக்கு சாதாரண மருத்துவ ரகசியச் சட்டத்துக்கும் மேலே தனி விதி உண்டு. அதனால் கருவி சேகரிக்கும் தகவல் குறைவாக இருக்க இருக்க நல்லது: எப்போது திறந்தது, உடைக்க முயற்சி நடந்ததா, அவ்வளவே. ஜிபிஎஸ் வேண்டாம். கேமரா வேண்டாம். பெட்டிமேல் மையத்தின் பெயரோ மருந்துச் சின்னமோ வேண்டாம். நினைவூட்டும் ஒலி ஆஸ்பத்திரி அலாரம் மாதிரி கத்தினால், பக்கத்தில் வேலை பார்ப்பவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். மெல்லிய அதிர்வு போதும்.

ஆட்களிடம் பேசுவது

இந்தப் படியை நாலாவது மாதத்தில் செய்யாதீர்கள், ஆரம்பத்திலேயே செய்யுங்கள். நோயாளிகளைப் பேட்டி எடுப்பது ஆராய்ச்சி என்று கருதப்பட்டால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்கே வாரக்கணக்கில் ஆகும், முதல் வாரமே விண்ணப்பியுங்கள். "இந்தக் கருவி பிடிக்குமா" என்று கேட்டால் மரியாதைக்காகப் பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். போன வாரம் மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள், வீட்டில் யார் யார், ஒரு நாள் தவறியபோது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பேசுகிறவர் நேரத்துக்குப் பணம் கொடுங்கள்.

நர்ஸிடம் தனியாகப் பேசுங்கள், முடிந்தால் அவர் கையிலேயே மாதிரியைக் கொடுத்து 14 பாட்டிலை நிரப்பச் சொல்லி ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள். வரிசை வாசல் வரை நிற்கும்போது ஒரு ஆளுக்கு 5 நிமிடம் கூடுதலாக ஆனால் எந்த மையமும் உங்கள் பெட்டியைத் தொடாது. மேல் தட்டை மொத்தமாகக் கழற்றி, ஒரே மூச்சில் அடுக்கி, ஒரு சாவியால் மூடும்படி வையுங்கள். காலி பாட்டில்கள் திரும்பி வரும், ஒட்டும், சிந்தும். துடைக்க வசதியாக உள் மூலைகளை வளைவாக விடுங்கள்.

சோதனை

உண்மையான மருந்தைத் தொடவே கூடாது. மெத்தடோன் அமெரிக்கச் சட்டத்தில் இரண்டாம் பட்டியலில் உள்ள கட்டுப்பாட்டு மருந்து, அனுமதி இல்லாமல் லேபில் வைத்திருந்தால் குற்றம். நிறம் கலந்த சர்க்கரைத் தண்ணீர் போதும், நீங்கள் சோதிப்பது பாட்டிலின் எடையையும் அசைவையும்தான்.

எந்த எந்த வழியில் கெடலாம் என்று பட்டியல் போடும்போது ஐம்பது வரி வரும். அதில் இரண்டு வரியில்தான் பாதி நேரத்தைச் செலவிட வேண்டும்: ஒரே நாளில் இரண்டு டோஸ் வெளிவருவது, ஒன்றுமே வராமல் போவது. மோட்டார் சுழலும்போது வெவ்வேறு நொடிகளில் பேட்டரியைப் பிடுங்கிப் பாருங்கள், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ரிலே வைத்து நூற்றுக்கணக்கில் ஓடவிடுங்கள். தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். பாட்டில் லேபிள் பாதி கிழிந்து தொங்கும்படி ஒட்டி உள்ளே வையுங்கள், அதுதான் நிஜத்தில் தட்டை அடைக்கும். இடுப்பு உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் போடுங்கள். கடிகாரத்தை மார்ச் மாத நேர மாற்ற இரவுக்கு நகர்த்தி ஓடவிடுங்கள். உங்கள் டீமில் இல்லாத ஒரு மெக்கானிக்கல் நண்பனிடம் ஒரு ஸ்க்ரூடிரைவரும் பத்து நிமிடமும் கொடுத்து, சத்தம் போடாமல் திறக்கச் சொல்லுங்கள்.

இறுதிக் காட்சியில் ஆசிரியர்கள் பெரும்பாலும் பூட்டு எவ்வளவு உறுதி என்று கேட்பார்கள். அதற்கு எண்களோடு பதில் வைத்திருங்கள், ஆனால் முதல் ஸ்லைடில் வேறு ஒன்று இருக்கட்டும்: நீங்கள் பேசிய மையத்தில் எந்த மாதிரி நோயாளிகளுக்கு இப்போது எத்தனை நாள் தருகிறார்கள், இந்தப் பெட்டி இருந்தால் எத்தனை நாள் தரத் தயார் என்று அந்த மருத்துவரே சொன்ன பதில். அந்தப் பதில் "அதே நாள்தான்" என்று வந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். அடுத்த வருஷ டீமுக்கு உங்கள் கோடை விட அந்த ஒரு வரி அதிகம் பயன்படும். படங்கள், சர்க்யூட், தோற்றுப்போன சோதனைகள், நர்ஸ் சொன்ன குறைகள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.